சாமான் எங்கட, சொல்லு அவங்கட

“நீங்க விற்கிறத மட்டும் பாருங்க, மத்த எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம்.”

பேஸ்புக்கிலோ வட்ஸ்அப்பிலோ எதையாவது விற்கத் தொடங்கிய யாருக்கும் சில மாதங்களில் இந்த வசனம் வந்து சேரும். சொல்பவர் ஒரு கம்பனியின் ஆள். கம்பனிக்கு வத்தளையிலோ பேலியகொடையிலோ பெரிய ஸ்டோர்ஸ் ஒன்று இருக்கும். நம்ம சாமானை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும். ஓடர் வரும்போது அவர்களே தட்டிலிருந்து எடுத்து, பொதி செய்து, லேபல் ஒட்டி, கூரியரிடம் கொடுத்து, வாங்கியவரிடம் காசையும் எடுத்து, தங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை நம்ம கணக்கில் போடுவார்கள். முன்னறை முழுக்க கார்ட்போட் பெட்டி குவிந்து, உம்மா ஏசத் தொடங்கியிருக்கும் நேரத்தில் இதைக் கேட்டால் யாருக்கும் ஆசை வரும்.

ஆசைப்படுவதில் பிழை இல்லை. உலகம் முழுக்க நடக்கிற வேலை இது. அமேசன் 2006 ஆம் ஆண்டில், மற்ற வியாபாரிகளின் சாமானைத் தன் கிடங்கில் வைத்து அனுப்பிக்கொடுக்கும் சேவையைத் தொடங்கியது. அதற்குப் பிறகு பெரிதும் சிறிதுமாக எத்தனையோ கம்பனிகள். இந்தத் தொழிலுக்கு ‘தேர்ட் பார்ட்டி லொஜிஸ்டிக்ஸ்’ என்று பெயர், சுருக்கினால் ‘த்ரீ பீ.எல்.’ விற்கிற நீங்கள் முதலாம் தரப்பு, வாங்குபவர் இரண்டாம் தரப்பு, நடுவில் சாமானை வைத்து அனுப்புபவர் மூன்றாம் தரப்பு.

எனக்குப் பேச வேண்டியிருப்பது அந்த ஆள் தந்துவிட்டுப் போகும் ‘ரேட் கார்ட்’ பற்றியும் அதன் பின்னால் வரும் ஒப்பந்தம் பற்றியும். அதிலிருக்கும் சொற்களை ஏதோ தொழில்நுட்ப வார்த்தைகள் என்று நினைத்துக் கடந்துபோகிறோம். நட்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்பதை அந்தச் சொற்கள்தான் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கின்றன. கையெழுத்துப் போடுகிறவர் இதை அறியாமல் போடுகிறார் என்பதுதான் என் பிரச்சினை.

கற்பிட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா கருவாடு விற்கிறார். நெத்தலி, கட்டா, சுறா, இறால் என்று நாலு வகை. வீட்டிலேயே சுத்தம்பண்ணி, பக்கெட் பண்ணி, போன்லயே படம் எடுத்துப் போடுவார். கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஓடர் வரும். போன வருஷம் அவரும் ஒரு கம்பனியின் ஸ்டோர்ஸில் சாமான் வைத்தார். முதல் மாத பில்லைப் பார்த்துவிட்டு எனக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினார். “ஒப்பந்தத்த வாசிச்சீங்களா ராத்தா?” என்று கேட்டேன். “எங்க வாசிக்கிற, எல்லாம் இங்கிலீசுல தானே. அந்தப் பொடியன் நல்லாத்தான் சொன்னான்” என்றார்.

இதைக் கெம்பஸில் சொன்னபோது கிடைத்த பதில்: “அதுக்குத்தான் இங்கிலீஷ் படிக்கச் சொல்ற.” நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த பில்லை இங்கிலீஷ் பாடமாகப் படிக்கும் ஒரு நண்பியிடமே காட்டினேன். ‘ஃபுல்ஃபில்மென்ட்’ என்றால் மனநிறைவு என்று அகராதி சொல்கிறது, ‘பிக் ஃபீ’ என்றால் என்ன என்று அவளுக்கும் விளங்கவில்லை. ஃபுல்ஃபில்மென்ட் என்பதைத் தமிழில் நிறைவேற்றல் என்று எழுதினால், எங்கட பக்கத்து ஆட்களுக்கு முதலில் தலவில்லு அன்னம்மாள் கோயிலில் நேர்த்தி நிறைவேற்றப் போகிற சனம்தான் ஞாபகம் வரும். (உண்மையில் அது அவ்வளவு தூரமான அர்த்தமும் இல்லை. கொடுத்த வாக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் இரண்டும்.) மொழி தெரிவது வேறு, ஒரு தொழிலின் சொல் தெரிவது வேறு. இங்கிலாந்தில் பிறந்தவருக்கும் இந்த பில்லை ஒருவர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

இந்தத் தொழில் எங்கட கரைக்கு அந்நியமானதும் இல்லை. இங்கிலீஷில் கிடங்குக்கு ‘கொடவுன்’ என்கிறார்களே, அது மலாய் மொழியின் ‘குடங்’ வழியாக வந்த சொல். அந்த மலாய்ச் சொல்லே தெலுங்கு அல்லது தமிழிலிருந்து, நம்ம ‘கிடங்கு’, ‘கிட்டங்கி’ என்ற சொல்லிலிருந்து போயிருக்க வேண்டும் என்று அகராதிக்காரர் எழுதுகிறார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் தொழில் நடத்திய இடங்களுக்குப் பெயரே கிட்டங்கி. 1344 இல் புத்தளத்துக்கு வந்த இப்னு பதூதா, வெள்ளத்தில் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் கரையில் குன்றுபோலக் கிடந்ததை எழுதியிருக்கிறார். மலபாரிலிருந்தும் மஃபரிலிருந்தும் வருகிறவர்கள் விலை கொடுக்காமல் எடுத்துப்போவார்களாம். பதிலுக்கு ஆரியச் சக்கரவர்த்தி மன்னருக்குத் துணிமணி அன்பளிப்பாகக் கொடுப்பார்களாம். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று அன்றைக்கு யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு ஒல்லாந்தர் வந்து கற்பிட்டியில் கோட்டை கட்டினார்கள். களப்புக்குள் வந்துபோகும் சரக்கை, அதிலும் கண்டி மன்னரின் வியாபாரத்தை, கையில் பிடித்து வைத்திருக்கத்தான். சரக்கு எங்கே நிற்கிறதோ அங்கே அதிகாரமும் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, பில்லுக்கு வருவோம்.

முதல் வரியிலேயே ‘எஸ்.கே.யூ. 12’ என்று இருந்தது. ராத்தாவின் கணக்கில் அவர் விற்பது நாலு சாமான். ஸ்டோர்ஸின் கணக்கில் பன்னிரண்டு, ஏனென்றால் நாலு வகையும் 100 கிராம், 250 கிராம், 500 கிராம் என்று மூன்று அளவில் இருக்கின்றன. தனியாக எண்ணி, தனியாக வைத்து, தனியாக எடுக்க வேண்டிய ஒவ்வொன்றும் ஒரு எஸ்.கே.யூ. ஒவ்வொன்றுக்கும் தட்டில் தனி இடம், அதனால் தனி வாடகை. நாளைக்கு ‘காரம் போட்டது, போடாதது’ என்று பிரித்தால் பன்னிரண்டு இருபத்திநாலாகும். விற்பனை ஒரு பக்கெட்கூட ஏறாமலே வாடகை இரட்டிப்பாகும். இது ஏமாற்று இல்லை, கம்பனிக்கு உண்மையிலேயே இடம் போகிறது. ஆனால் சாமானை வைக்கும் முன்னாடி இது தெரிந்திருந்தால் ராத்தா இரண்டு அளவோடு நிறுத்தியிருப்பார்.

அடுத்தது ‘இன்பவுண்ட்’, அதாவது சாமான் உள்ளே போகும் கட்டம். ஸ்டோர்ஸ்காரர் எண்ணிப் பார்த்து ‘ஜி.ஆர்.என்.’ என்ற பற்றுச்சீட்டு எழுதுவார். அதில் எழுதிய எண்ணிக்கைதான் அதற்குப் பிறகு உண்மை. நீங்கள் வீட்டில் 200 எண்ணி அனுப்பி, அங்கே 194 என்று எழுதினால், அந்த ஆறு பக்கெட் லொறியில் போனதா, வாசலில் போனதா என்று கேட்க ஒப்பந்தத்தில் எத்தனை நாள் தரப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு நாள் என்றால் இரண்டு நாள்தான்.

இதோடு சேர்ந்தது ‘ஷ்ரிங்கேஜ்’. கழிவு என்று நமக்கு நன்றாகத் தெரிந்த சொல். மரக்கறி மூட்டையைக் கொமிஷன் கடையில் இறக்கும்போது கிலோக் கணக்கில் வெட்டுவார்களே, அதேதான். உப்பு வாய்க்கால்காரரைக் கேட்டுப் பாருங்கள், குவித்து மூடி வைத்த உப்பு ஒரு மழைக்குப் பிறகு எவ்வளவு குறையும் என்று சொல்வார். கருவாடும் அப்படி, காய்ந்தால் நிறை குறையும், ஈரம் பட்டால் கூடும், கெடும். கிடங்கு ஒப்பந்தத்தில் ‘மொத்தத்தில் இத்தனை வீதம் வரை குறைந்தால் கம்பனி பொறுப்பில்லை’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வீதம் இயற்கையாகக் குறைவதற்கு மட்டுமா, காணாமல் போவதற்கும் எலி தின்றதற்கும் சேர்த்தா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் போட்டிருப்பார்கள். சட்டை விற்கிறவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. சாப்பாட்டுச் சாமான் விற்கும் எங்கட கரையோர ஆட்களுக்கு இலாபம் முழுக்க அந்த வீதத்துக்குள்தான் இருக்கிறது.

‘ஃபிஃபோ’, ‘ஃபெஃபோ’ என்று இரண்டு சொல். கேட்க விளையாட்டுப் பெயர் மாதிரி இருக்கும். முதலாவது, முதலில் வந்த சாமான் முதலில் வெளியே போகும் முறை. இரண்டாவது, முதலில் காலாவதியாகப் போவது முதலில் வெளியே போகும் முறை. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். மே மாதம் அனுப்பிய பெட்டியில் டிசம்பர் வரை தாங்கும் கருவாடு, ஜூனில் அனுப்பியதில் செப்டெம்பர் வரைதான் தாங்கும் இறால் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே ‘கலவைப் பக்கெட்’ பெயரில் பதிந்திருந்தால், ஃபிஃபோ முறையில் மே மாதப் பெட்டி முதலில் போகும், ஜூன் மாதப் பெட்டி தட்டிலேயே காலாவதியாகும். பிறகு அதை அழிப்பதற்கும் ‘டிஸ்போசல் ஃபீ’ என்று உங்களிடமே வாங்குவார்கள். உணவு விற்கிறவர் கேட்க வேண்டியது ஃபெஃபோ. கேட்காவிட்டால் தாமாகத் தர மாட்டார்கள், ஏனென்றால் ஒவ்வொரு தொகுதியின் திகதியையும் பதிய வேண்டும், அது வேலை.

நிறை விஷயத்தில் இன்னொரு கூத்து. ஓலைக் கூடை பின்னி விற்கும் பிள்ளைகள் இதைக் கவனமாக வாசிக்கவும். 40 சென்றிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள பெட்டியில் கூடை ஒன்றை வெளிநாட்டுக்கு அனுப்புகிறீர்கள். தராசில் ஒரு கிலோ வராது. சர்வதேச விமானக் கூரியரில் மூன்றையும் பெருக்கி வழக்கமாக 5,000 ஆல் பிரிப்பார்கள்: 36,000 ஐ 5,000 ஆல் பிரித்தால் 7.2. உங்களிடம் 7.2 கிலோவுக்குக் காசு எடுப்பார்கள். இதுதான் ‘வொல்யூமெட்ரிக் வெயிட்’. காற்றுக்குக் காசு கொடுக்கிறோம் என்று கோபப்படலாம். விமானத்தில் இடம் போவது உண்மைதானே, கோபப்பட்டு ஒன்றும் ஆகாது. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கக்கூடிய மாதிரிக் கூடை பின்னினால் அதே பெட்டியில் நாலு கூடை போகும். ஒரு சொல்லை விளங்கிக்கொண்டால் பின்னும் வடிவத்தையே மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் அதிகம் வலிப்பது ‘சி.ஓ.டி.’ கையில் சாமான் கிடைத்த பிறகு காசு கொடுப்பது. இலங்கையில் சின்ன வியாபாரம் பெரும்பாலும் இதில்தான் ஓடுகிறது, ஏனென்றால் முன்கூட்டிக் காசு போட்டு ஏமாந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வாங்குபவருக்கு இது பாதுகாப்பு. விற்பவருக்கு இரண்டு பொறி. ஒன்று, வாங்கியவர் இன்றைக்குக் கொடுத்த காசு உங்கள் கணக்குக்கு எப்போது வரும்? வாரம் ஒருமுறையா, இரண்டு வாரமா? அதுவரை உங்கள் காசில் ஓடுவது அவர்களுடைய வண்டி. மற்றது ‘ஆர்.டி.ஓ.’, திரும்பி வரும் பார்சல். கதவைத் திறந்தவர் “நான் ஓடர் பண்ணல்ல” என்று சொல்லிவிட்டால் சாமான் திரும்பும். போன செலவும் வந்த செலவும் உங்களுக்கு. திரும்பி வந்ததை மீண்டும் தட்டில் வைக்க ‘ரீஸ்டொக்கிங் ஃபீ’. உடைந்த கருவாட்டுப் பக்கெட்டை மீண்டும் விற்கவும் முடியாது. ராத்தாவின் பில்லில் ஒரு புத்தளம் ஓடர் இருந்தது. கற்பிட்டியில் காய்ந்த மீன் 130 கிலோமீற்றருக்கு மேல் போய் வத்தளையில் இறங்கி, அங்கிருந்து திரும்பப் புத்தளம் வந்து, வாங்க ஆளில்லாமல் மறுபடி வத்தளைக்குப் போயிருக்கிறது. வீட்டிலிருந்து மகன் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.

அதனால் அவுட்சோர்ஸ் பண்ணவே கூடாது என்கிறேனா? இல்லை. வேலையை வெளியே கொடுக்கலாம், பெயரை வெளியே கொடுக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். 2018 பெப்ரவரியில் இங்கிலாந்தில் கே.எஃப்.சி. கடைகளில் கோழி இல்லாமல் போன கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவரை சாமான் கொண்டுவந்த பிட்வெஸ்ட்டை விட்டுவிட்டு டி.எச்.எல்.லுக்குக் கொடுத்தார்கள். ரக்பி நகரில் இருந்த ஒரேயொரு கிடங்கிலிருந்து எல்லாம் போக வேண்டியிருந்தது, அது சிக்கிக்கொண்டது. சுமார் 900 கடைகளில் பாதிக்கு மேல் மூட வேண்டி வந்தது. சனம் கே.எஃப்.சி.யைத்தான் ஏசியது. பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டு மன்னிப்புக் கேட்டதும் கே.எஃப்.சி.தான். அடுத்த மாதமே ஒரு பகுதிக் கடைகளுக்குப் பழைய கம்பனியிடம் திரும்பிப் போனார்கள். அவர்களுக்குத் திரும்பிப் போகப் பணம் இருந்தது. ராத்தாவின் பக்கத்தில் யாராவது ஒரு நட்சத்திரம் போட்டு “பக்கெட் ஓட்டை” என்று எழுதினால், அந்த நட்சத்திரம் ஸ்டோர்ஸுக்குப் போகாது.

திரும்பிப் போவதைப் பற்றிப் பேசும்போது ‘லீன்’ என்ற சொல்லைச் சொல்லாமல் விட முடியாது. ரேட் கார்டில் இருக்காது, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருக்கும். கட்டணம் பாக்கி இருந்தால் உங்கள் சாமானைத் தராமல் பிடித்துவைக்கும் உரிமை. அடகு வைத்த நகை மாதிரி, ஆனால் அடகு வைத்ததாக உங்களுக்கே தெரியாது. பில்லில் பிழை இருக்கிறது என்று நீங்கள் சண்டை பிடிக்கும் நாட்களிலும் வாடகை ஓடும், கருவாடு பழசாகும். எனக்கு இந்தப் பட்டியலிலேயே ஆகப் பெரிய சொல் இதுதான். விற்கிறவர் கேட்க வேண்டியது ஒன்று: தர்க்கத்தில் இருக்கும் தொகைக்கு மட்டும் சாமானைப் பிடித்துக்கொள், மிச்சத்தை விடு.

சட்டம் முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் என்று ஒன்று நம்ம நாட்டில் இருக்கிறது. தன் கவனயீனத்தால் வந்த நட்டத்துக்கும் பொறுப்பில்லை என்று எழுதிக்கொள்பவரை, அது நியாயமா என்று நீதிமன்றத்தில் கேட்க இடம் தருகிறது. ஆனால் 40,000 ரூபா கருவாட்டுக்கு யார் வழக்குப் போடுவது? கையெழுத்துக்கு முன்னாடி கேட்கும் ஒரு கேள்வி, பின்னாடி போடும் வழக்கைவிட மலிவு.

இதுவரை விற்கிறவர் பக்கம் பேசினேன். அந்த ஸ்டோர்ஸுக்குள் வேலை செய்பவரும் நம்ம ஆட்கள்தான். ஏ.எல். எழுதிவிட்டு முடிவு வரும்வரை கொழும்புப் பக்கம் போய் ‘பிக்கிங்’ வேலை செய்த பொடியன்கள் எங்கட வகுப்பிலேயே இருந்தார்கள். அவர்களுக்கும் சொற்கள் உண்டு. ‘யூ.பி.எச்.’ என்றால் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை சாமான் எடுக்க வேண்டும் என்ற கணக்கு. அந்த எண்ணை எங்கும் எழுதித் தருவதில்லை, சூப்பர்வைசரின் வாயில் இருக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2022 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், பெரிய கிடங்குகள் இந்த இலக்கைத் தொழிலாளிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது. கழிப்பறைக்குப் போகவிடாத இலக்கு செல்லாது என்றும் சொல்கிறது. இப்படியும் ஒரு சட்டமா என்று சிரிக்க வேண்டாம். 2024 இல் இந்தியாவின் மானேசரில் அமேசன் கிடங்கில், இலக்கு முடியும்வரை கழிப்பறைக்கோ தண்ணீர் குடிக்கவோ போக மாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்தி வந்து, தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழு தானாகவே அதைக் கையில் எடுத்தது.

இங்கே இன்னொரு சொல்லும் சேரும்: ‘மேன்பவர்’. வேலை நடப்பது ஒரு கம்பனியின் கிடங்கில், சம்பளம் தருவது இன்னொரு கம்பனி. அவுட்சோர்ஸ் பண்ணிய வேலைக்குள் அவுட்சோர்ஸ் பண்ணிய ஆள். சம்பளத்தில் 8 வீதம் உங்களிடமிருந்தும், அதற்கு மேல் 12 வீதம் முதலாளியிடமிருந்தும் ஈ.பி.எஃப்.புக்குப் போக வேண்டும், ஈ.டி.எஃப்.புக்கு முதலாளி இன்னும் 3 வீதம். முதலாளி யார் என்று கேட்டால் இரண்டு பேரும் மற்றவரைக் கைகாட்டினால், அந்த 15 வீதம் காற்றில் போகும். வேலைக்குப் போகும் தம்பிமார் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி: என் நியமனக் கடிதத்தில் யாருடைய பெயர் இருக்கும்?

என்ன செய்யலாம்? எல்லாச் சொல்லையும் தூய தமிழாக்கினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற கூட்டத்தில் நான் இல்லை. ‘கந்தோர்’ ஒல்லாந்தச் சொல், நம்ம பாட்டன்மார் அதை வைத்துக்கொண்டே கந்தோரில் சண்டை பிடித்திருக்கிறார்கள். எஸ்.கே.யூ. எஸ்.கே.யூ.வாகவே இருக்கட்டும். எனக்கு வேண்டியது, ஒப்பந்தத்தோடு சேர்த்து இரண்டு பக்கத்தில், சிங்களத்திலும் தமிழிலும், ‘இந்தச் சொல் வந்தால் நீங்கள் இவ்வளவு கட்டுவீர்கள்’ என்று உதாரணக் கணக்கோடு ஒரு தாள். தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. அது அரசாங்கக் கந்தோரைக் கட்டுப்படுத்துகிறது, தனியார் கம்பனியின் ரேட் கார்டைக் கட்டுப்படுத்தவில்லை. அதே கம்பனி விளம்பரத்தை மட்டும் அழகான தமிழில் போடுகிறது, எனவே மொழிபெயர்க்க ஆள் இல்லை என்ற கதை எடுபடாது.

கம்பனி தரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. புத்தளத்திலும் உடப்பிலும் நுரைச்சோலையிலும் விற்கும் பத்துப் பேர் சேர்ந்து போனால், ஒருவர் கேட்கும்போது “சிஸ்டம்ல அப்படித்தான்” என்கிற அதே ஆள் ரேட்டைக் குறைத்துப் பேசுவார். இல்லாவிட்டால் பாலாவிச் சந்தியில் ஒரு கடை அறையைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, மாவட்டத்துக்குள் வரும் ஓடரையாவது அங்கிருந்தே அனுப்பலாம். கற்பிட்டி வீதியும் கொழும்பு வீதியும் சந்திக்கும் இடம், இதைவிட நல்ல கிடங்கு வத்தளையில் இல்லை.

ராத்தாவோடு உட்கார்ந்து அந்த ஒப்பந்தத்தைக் கடைசிவரை வாசித்தோம். கடைசிக்கு முதல் வரி: கட்டணங்களை மாற்றுவதானால் கம்பனி 14 நாட்களுக்கு முன் ஈமெயிலில் அறிவிக்கும், பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும். “ஈமெயில் பாக்கிறீங்களா ராத்தா?” என்று கேட்டேன். அந்த ஈமெயிலைத் திறந்து கொடுத்தது மூத்த மகன், பாஸ்வேர்ட் அவனிடம்தான் இருக்கிறது. அவன் கட்டாருக்குப் போய் எட்டு மாதம்.